வால்வு தரும் சின்னக் கோணல்

தேவாலய இசைக்குழு ஒன்றில் பேஸ் கிட்டார் வாசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறார். அங்கே ஒருவர் பழைய அலெம்பிக் எஃப்-2பி ப்ரீஆம்ப் விற்கிறாராம். முழுக்க வால்வில் ஓடுவது. வால்வில் பேஸ் கனமாக, கதகதப்பாகக் கேட்கும் என்கிறார்கள். அதில் அறிவியல் ஏதாவது இருக்கிறதா, இல்லை விற்பவர்கள் கட்டிவிட்ட கதையா? வாங்கிவரச் சொல்லலாமா?"

அறிவியலும் இருக்கிறது, கதையும் இருக்கிறது. கதைதான் அதிகம். ஆனால் அறிவியல் இருக்கும் அந்தக் கொஞ்ச இடம் அத்தனை அழகு. அதைப் புரிந்துகொண்டால், பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும் என்பதும் தானாகத் தெரிந்துவிடும்.

ப்ரீஆம்ப் என்பது கிட்டாரின் சின்ன மின்னலையைப் பவர் ஆம்புக்குப் போகும் முன் பெருக்கும் பெட்டி. எஃப்-2பி பெட்டியில் ஒரு சேனலுக்கு ஒரு 12ஏஎக்ஸ்7 வால்வு. ஐரோப்பியப் பெயர் இசிசி83. கட்டைவிரல் அளவுக் கண்ணாடிக் குழாய். உள்ளே இரண்டு ட்ரையோடுகள். ஒவ்வொன்றிலும் நடுவில் சூடேறும் கத்தோடு, வெளியே நேர்மின் ப்ளேட், இரண்டுக்கும் இடையே மெல்லிய கம்பி சுற்றிய கிரிட். கத்தோடு சூடானதும் எலக்ட்ரான்கள் வெளியே வந்து அதன் மேலேயே மேகம்போல மொய்த்து நிற்கின்றன. ப்ளேட்டில் 250 வோல்ட் இருந்தாலும் எல்லாம் ஒரேயடியாகப் பாய்ந்துவிடுவதில்லை. முன்னால் நிற்கும் எலக்ட்ரான்கள் பின்னால் வருவனவற்றைத் தள்ளி நிறுத்துகின்றன.

கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். தாலி கட்டி முடிந்ததும் கூட்டம் எழுந்து சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் முண்டியடிக்கிறது. உள்ளிருந்து சாம்பார் மணம் இழுக்கிறது. அந்த மணம்தான் 250 வோல்ட். வாசலில் பெண்ணின் தாய்மாமா கையை நீட்டி நிற்கிறார். அவர்தான் கிரிட். அவர் யாரையும் தொடுவதில்லை, தள்ளுவதில்லை. கையைச் சற்றே இறக்கினால் கூட்டம் வேகமாக உள்ளே போகிறது. சற்றே உயர்த்தினால் குறைகிறது. மாமா செலவழிப்பது மணிக்கட்டின் அசைவு மட்டும், நகர்வதோ ஊரே. பெருக்கம் என்பது இதுதான். வழக்கமான இணைப்பில் 12ஏஎக்ஸ்7-இன் ஒரு ட்ரையோடு ஏறக்குறைய 60 மடங்கு பெருக்கும். கிட்டாரிலிருந்து 0.1 வோல்ட் போனால் 6 வோல்ட் வெளியே வரும்.

இப்போது மாமாவின் கையை உன்னிப்பாகப் பாருங்கள். கையை ஓர் அங்குலம் இறக்கினால் கூடுதலாக 12 பேர் உள்ளே போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே ஓர் அங்குலம் உயர்த்தினால் 12 பேர் குறைய வேண்டும் அல்லவா? குறைவதில்லை, 10 பேர்தான் குறைகிறார்கள். இன்னும் உயர்த்தினால் இன்னும் தயங்கித் தயங்கித்தான் குறைகிறது. ஓரமாக நழுவி ஓரிருவர் போய்க்கொண்டேதான் இருப்பார்கள். வால்விலும் இதே கதை. மின்னோட்டம் கிரிட்டின் மின்னழுத்தத்தோடு நேர்கோட்டில் ஏறுவதில்லை. ப்ளேட்டும் கிரிட்டும் சேர்ந்து இழுக்கும் இழுப்பின் ஒன்றரை அடுக்காக, மேல்நோக்கி வளைந்து ஏறுகிறது. ஆகவே சீரான அலை ஒன்று உள்ளே போனால், வெளியே வரும்போது ஒரு பாதி கொஞ்சம் ஓங்கியும் மறுபாதி கொஞ்சம் மழுங்கியும் இருக்கும். மேல்பாதியும் கீழ்பாதியும் ஒன்றுக்கொன்று பொருந்தா.

எனக்குப் பரவசம் தருவது இதற்கு அடுத்த கட்டம். சைன் அலையைத் தன்னோடு தானே பெருக்கினால் இரண்டு மடங்கு அதிர்வெண் கொண்ட அலை பிறக்கும் என்று பிளஸ் ஒன் முக்கோணவியலில் படித்திருப்பீர்கள். வளைந்த கோடு செய்வது அந்தப் பெருக்கலைத்தான். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த ஈ தந்தி 41.2 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. வால்வின் கோணல் அதோடு 82.4 ஹெர்ட்ஸை, அதாவது சரியாக ஒரு ஸ்தாயி மேலே அதே சுரத்தை, தானாகச் சேர்த்துவிடுகிறது. அந்தச் சுரத்தை உண்டாக்க அங்கே தனியாக எந்த உறுப்பும் கிடையாது. வளைவு ஒன்றே போதும்.

அது மட்டுமில்லை. தந்தியை இரண்டு மடங்கு அழுத்திச் சுண்டினால் அடிச்சுரம் இரண்டு மடங்காகிறது. வால்வு சேர்க்கும் மேல்சுரமோ நான்கு மடங்காகிறது. மெதுவாக வாசித்தால் சுத்தம், அழுத்தி வாசித்தால் நிறம். விரலின் அழுத்தத்துக்கு வால்வு பதில் சொல்கிறது என்று வாசிப்பவர்கள் சொல்வது கற்பனை அல்ல. அந்த வர்க்கக் கணக்குதான் விரலில் உறைக்கிறது.

மேலும் ஓங்கி அடித்தால்? மாமா கையை முழுவதும் கீழே போட்டுவிடுகிறார். அந்தக் கணமே அவரும் விருந்தாளிகளில் ஒருவர். கூட்டம் அவர்மேலேயே மோதி மொய்க்கிறது. இனி கையை இறக்க இடமில்லை. கிரிட் நேர்மின் பக்கம் போனதும் எலக்ட்ரான்கள் கிரிட்டிலேயே வந்து இறங்க, அலையின் அந்தப் பக்கம் மட்டும் தட்டையாகிறது. வால்வின் உறுமல் தொடங்கும் இடம் இது.

சரி, 82 ஹெர்ட்ஸ் கொஞ்சம் கூடினால் பேஸ் ஏன் பெரிதாகக் கேட்க வேண்டும்? விடை நம் காதில் இருக்கிறது. தாழ்ந்த ஒலிகளுக்கு மனிதக் காது மந்தம். 1000 ஹெர்ட்ஸ் ஒலி 40 டெசிபலில் எவ்வளவு உரக்கக் கேட்குமோ, அதே அளவு கேட்க 40 ஹெர்ட்ஸ் ஒலிக்குச் சுமார் 83 டெசிபல் வேண்டும்; 80 ஹெர்ட்ஸுக்குச் சுமார் 68 அல்லது 69 போதும். ஒரு ஸ்தாயி ஏறியதில் 14 டெசிபல் லாபம். ஒலியழுத்தத்தில் அது 5 மடங்கு. அடிச்சுரத்தில் 5 சதவீதமே இருக்கும் மேல்சுரம் காதுக்கு 25 சதவீதம்போல எடைபோடப்படுகிறது. உரத்த ஒலியில் இந்த லாபம் சுருங்கும். ஆனால் சின்ன ஸ்பீக்கர்களில் இன்னொரு லாபம் சேரும்: 41 ஹெர்ட்ஸை அவற்றால் எழுப்பவே முடியாது என்றாலும், 82, 123, 164 என்று 41 ஹெர்ட்ஸ் இடைவெளியில் வரும் சுரங்களைக் கேட்டு, இல்லாத அடிச்சுரத்தை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது.

இந்த இடத்தில் நிதானம் தேவை. பேஸ் தந்தியிலேயே மேல்சுரங்கள் தாராளமாக உண்டு. வால்வு தருவது கூடுதலாக ஒரு கைப்பிடி அளவு மட்டும். அதுவும் இரண்டு சுரங்களைச் சேர்த்து வாசித்தால் அதே கோணல் வில்லங்கமாகிறது. ஈயும் ஏயும் சேர்ந்தால் 41, 55 ஹெர்ட்ஸ்களோடு அவற்றின் கூட்டலான 96-உம் கழித்தலான 14-உம் பிறக்கின்றன. வாசிப்பு குழம்பலாகிவிடுகிறது. ஒற்றைச் சுரமாக வாசிப்பவருக்கு வால்வு நண்பன். கார்டு பிடிப்பவருக்கு அவ்வளவாக இல்லை.

வரலாற்றை ஒரு பத்தியில் முடித்துக்கொள்ளலாம். 1904-இல் ஃபிளெமிங் இரு உறுப்பு வால்வைச் செய்தார். 1906 வாக்கில் லீ டி ஃபாரஸ்ட் கிரிட்டை நுழைத்தார். 12ஏஎக்ஸ்7 வந்தது 1940-களின் கடைசியில், ட்ரான்சிஸ்டர் பிறந்த அதே காலத்தில். ஃபெண்டர் நிறுவனம் 1951-இல் ப்ரிசிஷன் பேஸ் கிட்டாரையும் அடுத்த ஆண்டு அதற்கான பேஸ்மேன் ஆம்ப்ளிஃபயரையும் கொண்டுவந்தது. நம் பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனம் 1960-களில் ரேடியோ வால்வுகள் தயாரித்தது. ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவின் சராடோவிலும் சீனாவிலும் இன்றும் 12ஏஎக்ஸ்7 தயாராகிறது. 1973-இல் ரஸ்ஸல் ஹாம் என்பவர் வால்வையும் ட்ரான்சிஸ்டரையும் ஒப்பிட்டு ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டியின் இதழில் கட்டுரை எழுதினார். விளம்பர வாசகங்கள் பலவும் அந்தக் கட்டுரையின் நிழலில் முளைத்தவை.

"வால்வு இரட்டைப்படை மேல்சுரம் தரும், ட்ரான்சிஸ்டர் ஒற்றைப்படை தரும்" என்பது அவற்றில் ஒன்று. இது தவறு. மேல்சுரத்தைத் தீர்மானிப்பது சுற்றின் அமைப்புதான், அதில் இருப்பது வால்வா ட்ரான்சிஸ்டரா என்பது அல்ல. 1969-இல் வந்த 300 வாட் ஆம்பெக் எஸ்விடி பேஸ் ஆம்ப்ளிஃபயர் முழுக்க வால்வு. ஆனால் அதன் கடைசிக் கட்டத்தில் ஆறு பெரிய வால்வுகள் இரு அணியாக எதிரும் புதிருமாக இழுப்பதால், அங்கே பிறக்கும் இரட்டைப்படைச் சுரங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைகின்றன. மறுபக்கம், சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஒற்றை எஃப்இடி ட்ரான்சிஸ்டர், சரியாகக் கட்டினால், அழகான இரண்டாம் மேல்சுரம் தரும். இன்னும் சில மலிவுப் பெட்டிகளில் வால்வு இருக்கும், ஆனால் ப்ளேட்டுக்கு 50 வோல்ட்கூட வராது. வேலை முழுவதையும் பக்கத்திலிருக்கும் ஐசி செய்துகொண்டிருக்கும். கண்ணாடி ஜன்னல் வழியே தெரியும் ஆரஞ்சு ஒளி, வால்வுக்குப் பின்னால் ஒட்டிய எல்இடியாகவும் இருக்கலாம். சாம்பார் மணமே இல்லாத கூடத்து வாசலில் மாமாவை நிறுத்திவைத்த கதைதான்.

எஃப்-2பி அந்த ரகம் அல்ல. ஃபெண்டரின் பழைய ஆம்ப்ளிஃபயர்களின் முன்பகுதியை அடியொற்றிய நேர்மையான சுற்று. பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் டேவிட் கில்மோர் அதைக் கிட்டாருக்குப் பயன்படுத்தினார் என்பதால் விலையில் ஒரு பகுதி அவர் பெயருக்குப் போகிறது. அந்தப் பகுதியைக் கொடுக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் அங்கே வாசித்துப் பார்க்கும்போது எல்லாக் குமிழ்களையும் நடுவில் வைத்துப் பார்க்கக் கூடாது. ஃபெண்டர் பாணி டோன் சுற்றில் 5-5-5 என்பது சமநிலை அல்ல. சில நூறு ஹெர்ட்ஸ் பகுதி நன்றாகக் குழிந்துபோய் இருக்கும். பலர் "வால்வு சத்தம்" என்று மயங்குவது இந்தக் குழியில்தான். மிடிலை 10-க்கு ஏற்றி, பேஸையும் ட்ரெபிளையும் 2-க்குப் பக்கமாக இறக்கினால் ஏறக்குறைய சமமாகும். வால்யூம் குமிழ் இரண்டு ட்ரையோடுகளுக்கும் நடுவில் இருக்கிறது. அதைக் குறைவாக வைத்தால் இரண்டாவது ட்ரையோடுக்கு வேலையே இல்லை, கோணலும் இல்லை. ப்ரீஆம்பில் ஏற்றி, பவர் ஆம்பில் குறைத்துக் கேட்க வேண்டும்.

வால்வு பழசாயிற்றே என்ற கவலை வேண்டாம். சின்ன வால்வு பல ஆயிரம் மணி நேரம் உழைக்கும். போனால் வேறு போடலாம். கண்ணாடியின் உச்சியில் வெள்ளிப் பூச்சு ஒன்று தெரியும். மிச்சமிருக்கும் காற்றை உறிஞ்சப் பூசிய பேரியம் அது. பளபளவென்று இருந்தால் நல்லது. பால்போல வெளுத்திருந்தால் காற்று உள்ளே புகுந்துவிட்டது, அந்த வால்வு முடிந்தது. பென்சிலால் மெல்லத் தட்டினால் ஸ்பீக்கரில் மணி அடித்ததுபோல ஒலி நீண்டு கேட்டால், கிரிட்டின் கம்பி தளர்ந்து தானாக ஆடுகிறது என்று பொருள். தரை அதிர மாமாவின் கை நடுங்குகிறது. கூட்டம் அந்த நடுக்கத்துக்கும் கீழ்ப்படிகிறது. பேஸ் ஸ்பீக்கர் பெட்டியின் மேலேயே ப்ரீஆம்பை வைப்பவருக்கு இது பெரிய தொல்லை.

உண்மையில் கெட்டுப்போவது மின்சாரத்தைச் சமன்செய்யும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள். உபயோகித்தாலும் இல்லாவிட்டாலும் இருபது முப்பது ஆண்டுகளில் உள்ளிருக்கும் திரவம் காய்ந்து, ஹம் தொடங்கும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம், பேஸ் கிட்டாரே போதும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதை ஒரே திசையில் ஓடும் நேர்மின்சாரமாக மாற்றும்போது வரும் அலைவு பொதுவாக 100 ஹெர்ட்ஸ். பேஸின் திறந்த ஜி தந்தி 98 ஹெர்ட்ஸ். ஹம் அந்தச் சுரத்துக்கு ஓர் இழை மேலே நின்றால் கெப்பாசிட்டர்மேல்தான் முதல் சந்தேகம். ஈ தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வரும் 49 ஹெர்ட்ஸுக்கு ஓர் இழை மேலே நின்றால், எர்த்திங் கோளாறோ வால்வின் ஹீட்டர் ஒயரிங்கோ காரணமாக இருக்கலாம். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அண்ணன் கேட்பது 120 அல்லது 60. அவை திறந்த ஜிக்கும் மூன்றாம் ஃப்ரெட்டுக்கும் மூன்றரைச் சுரத்தானம் மேலே நிற்கும். குமிழைத் திருப்பும்போது கரகரவென்றால் தூசியாக இருக்கலாம். சுத்தம் செய்த பிறகும் கரகரத்தால், கட்டங்களை இணைக்கும் கெப்பாசிட்டர் வழியே நேர்மின்சாரம் கசிந்துகொண்டிருக்கலாம்.

இன்னொன்று, முதலிலேயே கேட்க வேண்டியது. அங்கே விற்ற பெட்டிகளில் பல 120 வோல்ட்டுக்கு மட்டுமே ஆனவை. பின்பக்க எழுத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் ட்ரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம். ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். கெப்பாசிட்டர் மாற்றும் வேலையை வால்வு ஆம்ப்ளிஃபயர் பழுது பார்த்துப் பழகியவரிடம் கொடுங்கள், நீங்களாகத் திறக்க வேண்டாம். ஒயரைப் பிடுங்கிய பின்னும் கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட் வரை தங்கியிருக்கலாம், உயிருக்கே ஆபத்து. அந்தக் கூலியையும் ஸ்டெப்-டவுன் விலையையும் கேட்ட விலையோடு கூட்டிப் பாருங்கள். புதிதாகக் கிடைக்கும் நல்ல ப்ரீஆம்பின் விலைக்குக் கீழே நின்றால் அண்ணனிடம் வாங்கிவரச் சொல்லலாம்.