தேன் புளிப்பது ஏன்? தடுப்பது எப்படி?

குன்றத்தூர் வட்டாரத்தில் தென்னை, முருங்கை, வேம்பு, புளி, புங்கம் ஆகிய மரங்கள் பரவலாக உள்ளன. இவற்றின் பூக்களைக் கொண்டு, தோட்டத்திலும் வீட்டுக் கொல்லையிலும் இரண்டு மூன்று தேனீப் பெட்டிகள் வைத்து உபவருமானம் பெறலாம். ஆனால் எடுத்த தேன் சில வாரங்களில் நுரைத்துப் புளித்துவிட்டால் உழைப்பு வீண். வாங்கியவரும் மறுமுறை வரமாட்டார்.

தேனும் தேறலும்

தேன் புளிப்பது புதிதல்ல. மலைவாழ் மக்கள் மூங்கில் குழாயில் முதிர வைத்த தேன் கள்ளைப் பருகியதைத் திருமுருகாற்றுப்படை கூறுகிறது. எத்தியோப்பியாவில் இன்றும் தேனிலிருந்து 'தேஜ்' என்னும் பானம் தயாரிக்கின்றனர். மேலை நாட்டார் இதனை 'மீட்' என்பர்.

தேனுடன் மூன்று நான்கு பங்கு நீர் சேர்த்தால், 'ஈஸ்ட்' என்னும் நுண்ணுயிர் பெருகி, சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. சர்க்கரை முழுவதும் தீர்ந்தால் இனிப்பில்லாத மது கிடைக்கும். ஆனால் தமிழ்நாட்டில் அனுமதியின்றி மது தயாரிப்பது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றமாகும். எனவே தேனீ வளர்ப்போர் அறிய வேண்டியது, தேன் தேறலாகாமல் காக்கும் முறையே.

நீர்ப்பதமே காரணம்

ஈஸ்ட் எல்லாத் தேனிலும் சிறிதளவு உண்டு. நீர்ப்பதம் 17 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் அது வளராது. 20 சதவிகிதத்தைத் தாண்டினால் தேன் புளிக்கும் வாய்ப்பு அதிகம். உணவுப் பாதுகாப்பு விதிகளின்படியும் பொதுவாக 20 சதவிகிதமே உச்ச வரம்பு. பெட்டிகளில் வளரும் இந்தியத் தேனீயின் தேனில் இயல்பாகவே நீர்ப்பதம் கூடுதல் என்பதால் கவனம் தேவை.

எடுக்கும் முறை

தேனீக்கள் சிறகால் விசிறி நீரை வற்றச் செய்து, தேன் பக்குவமானதும் அறைகளை மெழுகால் மூடுகின்றன. அடையில் முக்கால் பங்குக்கு மேல் மூடிய பிறகே தேன் எடுக்க வேண்டும். மேல் அறைச் சட்டங்களை மட்டும் எடுத்து, தேன் எடுக்கும் கருவியில் சுழற்ற வேண்டும். அடையைக் கையால் பிழிந்தால் மகரந்தமும் புழுக்களின் சாறும் கலந்து தேன் விரைவில் கெடும். தேன் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஆகவே மழை நாட்களில் தேன் எடுக்கக் கூடாது.

பக்குவத்தை அறிய எளிய வழி: ஒரு லிட்டர் தேன் சுமார் 1 கிலோ 400 கிராம் நிற்க வேண்டும். எடை குறைந்தால் நீர் அதிகம் என்று கொள்ளலாம்.

பாதுகாப்பு

தேனை நேரடியாக அடுப்பில் காய்ச்சக் கூடாது. தேன் பாத்திரத்தை வெந்நீர் உள்ள பெரிய பாத்திரத்தில் இறக்கி, தேனின் சூடு 60 டிகிரி செல்சியஸில் 25 நிமிடம் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் ஈஸ்ட் மடியும். பின்னர் உடனே ஆற விட வேண்டும். இதனால் நீர்ப்பதம் குறையாது. திறந்து வைத்தால் மீண்டும் புளிக்கும். நன்கு உலர்ந்த கண்ணாடிப் பாட்டில்களில் கழுத்து வரை நிரப்பி, காற்றுப் புகாமல் மூடுவது அவசியம். துத்தநாகம் பூசிய தகரப் பாத்திரங்கள் ஆகா.

நுரை, புளித்த வாடை, உப்பிய மூடி ஆகியவை கெட்டதற்கு அடையாளம். அத்தகைய தேனை நல்ல தேனுடன் கலக்கக் கூடாது. தேனீக்களுக்கு உணவாக வைத்தாலும் அவற்றுக்கு வயிற்றுப்போக்கு உண்டாகும்.

மேலும் விவரம் வேண்டுவோர் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தையோ, காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம்.