பேயா, நோயா? கேட்டுச் சொல்ல ஒரு படிப்பு!

அமாவாசை இரவு. மேல்மலையனூரில் கால் வைக்க இடம் இல்லை. செஞ்சியிலிருந்தும், திண்டிவனத்திலிருந்தும், திருவண்ணாமலையிலிருந்தும் பஸ் பஸ்ஸாக ஜனங்கள் வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். கையில் எலுமிச்சம்பழம், வேப்பிலை, கற்பூரம். நள்ளிரவு நெருங்கும் நேரம். அங்காளம்மன் ஊஞ்சலுக்கு எழுந்தருளுகிறாள். தாலாட்டுப் பாட்டு எழுகிறது.

கூட்டத்தின் நடுவே ஒரு பெண் கூந்தலை விரித்துப்போட்டு ஆடுகிறாள். கண் சிவந்திருக்கிறது. அவள் குரல் அவள் குரலாகவே இல்லை. பக்கத்தில் தாயார் கைகூப்பி நிற்கிறாள். "என் பெண்ணை எனக்குத் திருப்பிக் கொடு தாயே" என்பதுதான் அவளுடைய வேண்டுதல்.

இப்படி மகளையோ மருமகளையோ தம்பியையோ அழைத்துக்கொண்டு இந்த ஊருக்கு வராத குடும்பம் இந்த வட்டாரத்தில் குறைவு. மேல்மலையனூரின் தல புராணமே அப்படிப்பட்டதுதான். பிரம்மனின் தலையைக் கிள்ளிய சிவபெருமானின் கையில் அந்தக் கபாலம் ஒட்டிக்கொண்டதாம். அவர் பித்துப் பிடித்தவர்போல் ஊர் ஊராக அலைந்தாராம். அந்தப் பித்தத்தை இங்கே அங்காளம்மன் தீர்த்து வைத்தாளாம். சாமிக்கே மனம் கலங்கித் தெளிந்த இடம் என்றால், மனிதர்கள் தேடி வருவதில் ஆச்சரியம் என்ன?

ஆனால் கோயிலிலிருந்து வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பெண் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, தனக்குத்தானே பேசுகிறாள் என்றால் அப்புறம் எங்கே போவது? யாரிடம் சொல்வது? அதற்கென்றே படித்துத் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். மனோதத்துவம் என்று அந்நாளில் சொன்னார்கள். இந்நாளில் உளவியல் என்கிறார்கள். நோயாளிகளுக்கு உதவும் பிரிவுக்கு மருத்துவ உளவியல் என்று பெயர்.

புது மணப்பெண்ணும் பழைய பேயும்

1990-களின் தொடக்கத்தில் இசபெல் நபகோவ் என்ற பெண்மணி தென்னாற்காடு பக்கம் வந்து தங்கினார். மனித இனவியல் ஆராய்ச்சி செய்பவர். பம்பைக்காரர்கள் பேயை வரவழைத்துப் பேசுவதையும், பேய் பிடித்தவரின் ஒரு கொத்து முடியைப் புளிய மரத்தில் ஆணி வைத்து அறைவதையும் அருகிலிருந்து பார்த்து எழுதினார்.

அவர் கவனித்த ஒரு செய்தி முக்கியமானது. பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவர்களில் அதிகம் பேர் புதிதாகக் கல்யாணமான இளம் பெண்கள். பிடித்த பேயோ, அற்பாயுளில் இறந்துபோன வாலிபன்! பூசை முடிந்ததும் பேய் போய்விடுகிறது. மனைவி புருஷன் வீட்டுக்குத் திரும்புகிறாள்.

நல்லது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அந்த வீட்டில் என்ன குறை என்று யாராவது கேட்டார்களா? பேயிடம் "நீ யார், எந்த ஊர், என்ன வேண்டும்?" என்று விடிய விடியக் கேட்கிறார்கள். பெண்ணிடம் கேட்பதில்லை. மருத்துவ உளவியல் படித்தவர் முதலில் கேட்பது அந்தப் பெண்ணிடம்தான். எத்தனை நாளாகத் தூக்கம் இல்லை? குழந்தை பிறந்து எத்தனை வாரம்? கை கால் வெட்டி இழுத்ததா? வீட்டில் அடி உண்டா? யாரிடமும் சொல்லாத பயம் ஏதாவது உண்டா?

ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் இருக்கிறது. குழந்தை பெற்ற சில நாட்களில் சில தாய்மார்களுக்குப் புத்தி தடுமாறும். அதற்கு உடனே வைத்தியம் வேண்டும். வலிப்பு நோயைப் பலரும் பேய் என்று நினைத்துவிடுகிறார்கள். தாங்க முடியாத துக்கமும் சிலருக்கு ஆட்டமாக வெளிப்படும். மூன்றுக்கும் மூன்று வழி. எது எது என்று பிரித்தறிவதுதான் படிப்பு.

கோயிலில் ஒரு சோதனை

அப்படியானால் கோயிலுக்குப் போவது வீணா? அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் விஞ்ஞானமே ஒப்புக்கொள்ளாது.

தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற சிற்றூரில் முத்துசாமி கோயில் இருக்கிறது. மனம் கலங்கியவர்களை அழைத்து வந்து உறவினர்கள் அங்கே வாரக்கணக்கில் தங்குவது வழக்கம். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் ரகுராமும் அவருடைய கூட்டாளிகளும் அங்கே சென்றார்கள். 31 பேரை, வந்த நாளிலும் புறப்படும் நாளிலும் பரிசோதித்தார்கள். நோயின் அறிகுறிகள் ஏறக்குறைய 20 சதவிகிதம் குறைந்திருந்தன! 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற பெரிய வைத்தியப் பத்திரிகையில் இது வெளிவந்தது.

அங்கே விசேஷமான மந்திரம் எதுவும் இல்லை. தினசரி பூசை. கோயிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. கூடவே உறவினர் ஒருவர். "பைத்தியம்" என்று யாரும் கல் எறிவதில்லை. இவ்வளவுதான். மனத்துக்கு எது ஆறுதல் என்று படிக்கிற மாணவன் இதைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். ஆனாலும் 20 சதவிகிதம்தானே குறைந்தது? மிச்சத்துக்கு மருந்தும் வேண்டும், முறையான பேச்சு வைத்தியமும் வேண்டும்.

ஏர்வாடியில் எரிந்த நெருப்பு

இதே தமிழ்நாட்டில் கேட்பாரில்லாமல் போனதால் நடந்த கொடுமையும் உண்டு. 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி அதிகாலை. ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடி. தர்காவை நாடி வந்த நோயாளிகளைத் தங்கவைக்கும் தனியார் விடுதி ஒன்றில் தீப்பிடித்தது. கொட்டகைக்குள் இருந்தவர்களின் கால்களில் சங்கிலி. ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின.

அவர்களை அங்கே விட்டுச் சென்ற பெற்றோர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. வேறு வழி தெரியாதவர்கள். கீழ்ப்பாக்கம் என்று ஊர்ப் பெயரைச் சொன்னாலே கேலி செய்கிற நாடல்லவா இது? இத்தனைக்கும் சென்னையில் மனநோயாளிகளுக்கு என்று 1794-லேயே ஓர் இல்லம் தொடங்கப்பட்டது. கீழ்ப்பாக்கத்து ஆஸ்பத்திரி அதன் வாரிசுதான். இருநூறு வருஷத்துக்கு மேலாக வைத்தியம் இருந்தும், கிராமத்துக்கும் அதற்கும் நடுவே பாலம் போட ஆள் இல்லை.

இன்று சட்டம் மாறிவிட்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தடுக்கிறது. அதே சட்டம், மருத்துவ உளவியலாளர் என்றால் யார் என்பதையும் வரையறுத்திருக்கிறது. இந்த இடம்தான் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர்கள் கவனிக்க வேண்டியது.

எம்.ஏ. மட்டும் போதாது!

மனநோய் டாக்டர் வேறு, மருத்துவ உளவியலாளர் வேறு. டாக்டர், எம்.பி.பி.எஸ். படித்து அதற்கு மேல் மனநோய் வைத்தியம் படித்தவர். மருந்து எழுதிக் கொடுப்பவர் அவர். உளவியலாளர் மருந்து கொடுக்க மாட்டார். பரிசோதனை செய்வார். பேசிப் பேசியே கட்டவிழ்ப்பார். இருவரும் ஒரு வண்டியின் இரண்டு மாடுகள்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் பி.ஏ. அல்லது பி.எஸ்சி. உளவியல் மூன்று வருஷம். பிறகு எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. இரண்டு வருஷம். இதோடு போர்டு மாட்டிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கூடாது! அதற்கு மேல் இரண்டு வருஷம், முழு நேரமாக, நோயாளிகளுக்கு நடுவே, மூத்தவர்களின் கண்காணிப்பில் பயிற்சி பெற வேண்டும். எம்.ஃபில். மருத்துவ உளவியல் என்று அதற்குப் பெயர். ஆக மொத்தம் ஏழு வருஷம். தபாலில் படித்து இதை முடிக்க முடியாது.

பயிற்சி முடிந்தபின் டெல்லியில் உள்ள இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பெயரைப் பதிய வேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதியாமல் தொழில் செய்தால் ஒரு வருஷம் வரை ஜெயில், அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. அபராதம் அற்பம்தான். ஆனால் அரைகுறை ஆலோசனையால் ஓர் உயிர் போனால் அதற்கு எந்த அபராதம் ஈடாகும்?

இந்தப் பயிற்சி நம் நாட்டில் தொடங்கியது பெங்களூரில். 1954-இல் அங்கே அகில இந்திய மனநல நிலையம் ஏற்பட்டது. அடுத்த வருஷமே டிப்ளமா வகுப்பு ஆரம்பமானது. அதுதான் பின்னாளில் எம்.ஃபில். ஆயிற்று. நிலையமும் 1974-இல் நிம்ஹான்ஸ் ஆயிற்று.

இப்போது ஒரு மாறுதல். 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியது. ஆள் பற்றாக்குறையை உத்தேசித்து, மருத்துவ உளவியலுக்கு மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு அளித்தது. மறுவாழ்வு கவுன்சிலும் புதிய பாடத்திட்டங்களைக் கொண்டுவந்தது. ஆகவே பணம் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும்: "இந்தப் படிப்புக்கு, இந்த வருஷத்துக்கு, மறுவாழ்வு கவுன்சிலின் அனுமதி இருக்கிறதா?" வாயால் சொன்னால் போதாது. கடிதத்தைக் காட்டச் சொல்ல வேண்டும். நிலத்தை விற்று, நகையை அடகு வைத்துப் படிக்கவைக்கிற வீட்டுக்கு இதைக் கேட்க உரிமை உண்டு.

மை போட்டுப் பார்ப்பது!

அந்த இரண்டு வருஷத்தில் என்னதான் கற்றுக்கொடுக்கிறார்கள்? முதல் வருஷம் நோயறியும் வித்தை. ஐந்து நோயாளிகளின் கதையை ஆதியோடந்தமாக எழுதி, பரிசோதித்து, முடிவு சொல்லிச் சமர்ப்பிக்க வேண்டும். அடுத்த வருஷம், ஐந்து பேருக்குத் தானே பேச்சு வைத்தியம் செய்து அதன் விவரத்தை எழுதித் தர வேண்டும். கூடவே ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை.

பரிசோதனைகளில் வேடிக்கையானவையும் உண்டு. ஸ்விட்சர்லாந்து தேசத்து ரோர்ஷாக் என்ற டாக்டர் 1921-இல் பத்து அட்டைகளை வெளியிட்டார். அட்டைகளில் மை சிந்தியதுபோல் உருவங்கள். "இதில் என்ன தெரிகிறது?" என்று கேட்பார்கள். ஒருவருக்கு வௌவால் தெரியும். இன்னொருவருக்கு இரண்டு பேர் சண்டை போடுவது தெரியும். நம் ஊரில் வெற்றிலையில் மை தடவிப் பார்க்கிறார்களே, அங்கே களவு போன நகை தெரிய வேண்டும். இங்கேயோ பார்க்கிறவரின் மனமே தெரிய வேண்டும்!

குழந்தைகளுக்கும் சோதனை உண்டு. வி.வி. காமத் என்ற அறிஞர் 1930-களில் பிரெஞ்சு தேசத்து பினேயின் புத்திக் கூர்மைச் சோதனையை இந்தியப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றி அமைத்தார். "மக்கு" என்று வாத்தியார் ஒதுக்கிய பையனுக்கு உண்மையில் காது மந்தமா, எழுத்து மட்டும் வரவில்லையா என்று கண்டுபிடிக்க வழி பிறந்தது. இந்தத் தொழிலே ஒரு பையனின் எழுத்துப் பிழையில்தான் ஆரம்பித்தது. 1896-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் விட்மர் என்ற பேராசிரியர் முதல் உளவியல் வைத்திய நிலையத்தைத் திறந்தார். அங்கே சிகிச்சைக்கு வந்த முதல் ஆள், புத்தி நன்றாக இருந்தும் எழுத்துக்கூட்டத் தெரியாத ஒரு பள்ளி மாணவன்!

எல்லாவற்றையும் விடக் கஷ்டமான பாடம், வாயை மூடிக்கொண்டு கேட்பது. நம் வீடுகளில் ஒருவர் அழுதால் உடனே ஒன்பது பேர் புத்தி சொல்கிறோம். படிக்க வருகிற பிள்ளைக்கும் அந்தப் பழக்கம் இருக்கும். அது போக மாதக்கணக்காகும்.

ஊர்ப் பிள்ளைகளே போனால்?

நிம்ஹான்ஸ் 2015-16-இல் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் கணக்கெடுத்தது. வயது வந்தவர்களில் 100-க்கு 10 பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலக் குறை இருந்தது. கேட்க ஆள் வேண்டாமா?

புத்தகம் இங்கிலீஷில் இருக்கிறது. நோயாளியோ "நெஞ்சுல கல்லு வெச்ச மாதிரி இருக்கு" என்பாள். "காத்து கருப்பு அண்டிடுச்சு" என்பான். அதைக் கேட்டுச் சிரிக்காமல், அதன் பொருளைப் பிடிக்கத் தெரிய வேண்டும். அமாவாசைக் கூட்டத்தில் பாட்டியின் தோளில் உட்கார்ந்து ஊஞ்சல் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அது பாதி தெரிந்தே இருக்கும். மீதிக்குத்தான் அந்த ஏழு வருஷம்.

அதுவரை ஆபத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. வீட்டைவிட்டு வர மாட்டேன் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு, 2022 அக்டோபரில் மத்திய சர்க்கார் தொடங்கிய டெலி மானஸ் டெலிபோன் சேவை உண்டு. எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். தமிழிலேயே பேசலாம். காசு இல்லை.