கார்டு போகவில்லை, அண்ணாச்சி

சாயா ஆறுவதற்கு முன்னால் குடியுங்கள், குடித்துக்கொண்டே கேளுங்கள். மகளின் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்ட பிறகு பாட்டு கேட்கவில்லை என்கிறீர்கள். தக்கலையில் நாலு பேரிடம் சொன்னால் மூன்று பேர் ‘சவுண்ட் கார்டு போயிட்டு’ என்பார்கள். அவசரப்பட வேண்டாம், லினக்ஸையும் குறை சொல்ல வேண்டாம். களியக்காவிளை தாண்டினால் கேரள அரசுப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸில்தான் படிக்கிறார்கள். நம் அரசு கொடுத்த இலவச லேப்டாப்பிலும் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. நல்ல மெஷினைப் பழைய இரும்புக்குப் போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுக்காது.

உங்கள் மெஷினில் லினக்ஸ் கண்ணுக்கு இரண்டு கார்டு இருக்கலாம். ஒன்று ஸ்பீக்கருக்கு, மற்றது டிவிக்குப் போகிற எச்டிஎம்ஐக்கு. இன்டெல் 4, 5ஆம் தலைமுறை மெஷின்களில் பலவற்றில் எச்டிஎம்ஐ 0 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளும், ஸ்பீக்கருக்கு 1தான் கிடைக்கும். பாட்டு 0க்குப் போகும், அங்கே டிவி இருக்காது. திரையில் பாட்டு ஓடும், கோடு ஏறி இறங்கும், சத்தம் மட்டும் வராது. யூஎஸ்பி மைக்கோ வெப்கேமோ செருகியிருந்தால், ஆன் செய்யும் ஒவ்வொரு தடவையும் இந்த எண் மாறக்கூடும். அதனால் எண்ணை நம்பாதீர்கள், கார்டைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுங்கள். பாவுகன்ட்ரோல் என்ற புரோகிராமைத் திறந்தால் கடைசியில் கான்ஃபிகரேஷன் டேப் இருக்கும். அங்கே எச்டிஎம்ஐ கார்டை ஆஃப் செய்துவிட்டு, அவுட்புட் டேபில் ஸ்பீக்கருக்கு நேரே உள்ள டிக் பட்டனை அழுத்துங்கள். பாதிப் பேருக்கு இதோடு தீர்ந்துவிடும்.

தீராவிட்டால், வேறு யாரோ கார்டைப் பிடித்து வைத்திருக்கலாம். லினக்ஸில் ஒலிக்கு அடித்தளம் அல்சா. 2003இல் வந்த 2.6 கெர்னலிலேயே அது சேர்ந்துவிட்டது. எந்த புரோகிராமாவது கார்டை நேராகப் பிடித்துக்கொண்டால், அடுத்து வருகிறவருக்கு ‘பிஸி’ என்ற பதில்தான். இதைத் தவிர்க்கத்தான் நடுவில் பல்ஸ் ஆடியோ வந்தது, இப்போது பைப்வயர் வந்திருக்கிறது. இந்தக் கடையில் அடுப்பை மாஸ்டர் ஒருவர்தான் தொடுகிறார் இல்லையா, எல்லா ஆர்டரும் அவரிடம் போகிறதே, அந்த வேலைதான். ஃபெடோரா 2021இல் பைப்வயருக்கு மாறியது. பழைய வெர்ஷனை அப்கிரேடு செய்யும்போது பல்ஸ் ஆடியோ போகாமல் இரண்டும் சேர்ந்து ஓடினால் வருவதுதான் இந்தத் தகராறு. டெர்மினலில் பியூசர் கட்டளையை, முன்னால் சூடோவும் பின்னால் -v என்பதும் சேர்த்து, ஒலிக் கருவிகள் இருக்கும் தேவ்-எஸ்என்டி ஃபோல்டருக்குள் உள்ள எல்லாவற்றின் மேலும் (/dev/snd/*) ஓட்டுங்கள். யார் பிடித்திருக்கிறார் என்று பெயரோடு காட்டும். சில சமயம் அது வெளியேறாமல் இருக்கும் வேறொரு யூசராக இருக்கும். இதைப் பார்க்காமல் எதையும் அழிக்காதீர்கள்.

கடைசியாக, டெர்மினலில் அல்சாமிக்சர் என்று அடித்துத் திறங்கள். எஃப்6 தட்டிக் கார்டைத் தேர்ந்தெடுத்தால் தூண் தூணாக வரும். தூணுக்கு அடியில் ‘எம்எம்’ என்றிருந்தால் அது மியூட். அந்தத் தூணுக்குப் போய் எம் பட்டனைத் தட்டினால் திறந்துகொள்ளும். வலப்பக்கம் ஆட்டோ-மியூட் என்று ஒன்று இருக்கும். ஹெட்போன் ஓட்டையில் துரு ஏறியிருந்தால் பின் செருகியிருப்பதாக நினைத்து ஸ்பீக்கரை அது அடைத்துவிடும். நம் ஈரக்காற்றுக்கு இது நடக்கக்கூடியதுதான். பின்னை நாலைந்து தடவை செருகி எடுங்கள். அதற்கும் வழிக்கு வராவிட்டால் ஆட்டோ-மியூட்டை டிசேபிள் செய்துவிடுங்கள்.