சிரட்டையும் பாட்டிலும் சிட்டுக்குருவியும்

ஆண்டு மலரில் எல்லோரும் ரோபோ, சோலார் என்று எழுதும்போது இவன் குருவிக்குச் சட்டி வைக்கச் சொல்கிறானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதிலும் நாம் படிக்கிற ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் இருக்கிறது!

தூத்துக்குடியில் மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழிதான். பங்குனி, சித்திரையில் ஊரைச் சுற்றி உப்பளத்தில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, குடிக்கத்தான் முடியாது. கடற்காகத்துக்குக் கவலையில்லை. அதன் கண்ணுக்கு மேலே உள்ள சுரப்பி, உடம்பில் சேரும் உப்பை மூக்கு வழியாக வெளியே தள்ளிவிடும். சிட்டுக்குருவிக்கும் மைனாவுக்கும் அந்த வசதி கிடையாது. அதனால் என் கட்சி இதுதான்: நம்ம ஊரில் முதலில் தண்ணீர், அப்புறம்தான் தீனி.

ஒரு லிட்டர் பாட்டிலில் நல்ல தண்ணி நிரப்பி, மண் தட்டின் மேல் தலைகீழாகக் கட்டுங்கள். பாட்டில் வாய் தட்டின் அடியிலிருந்து அரை அங்குலம் உயரத்தில் இருக்கட்டும். தட்டின் விளிம்பு அதைவிட உயரமாக இருக்கணும். தண்ணீர் இறங்கி வாயை மூடியதும் தானாக நின்றுவிடும். காரணம் காற்றழுத்தம். அது 10 மீட்டர் உயரத் தண்ணீரையே தாங்கும். ஒரு அடி பாட்டில் எம்மாத்திரம்? குருவி குடித்து மட்டம் குறைந்தால் காற்றுக் குமிழி உள்ளே போகும், அந்த அளவு தண்ணீர் கீழே வரும். வெயிலில் வைத்தால் பாட்டிலுக்குள் இருக்கும் காற்று விரிந்து தண்ணீரை வெளியே தள்ளி வீணாக்கும். நிழல்தான் சரி.

தீனிக்குச் சிரட்டை போதும், அஞ்சு பைசா செலவில்லை. மூன்று கண் உள்ள பாதியை எடுங்கள். அதில் மெத்தென்ற கண்ணைக் குத்திவிட்டால் மழைத்தண்ணி வடிய ஓட்டை ரெடி. விளிம்பில் 120 டிகிரிக்கு ஒன்றாக மூன்று துளை போட்டுத் தொங்கவிடுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. நம்ம ஊரில் கயிறு என்றாலே கை முதலில் தங்கூஸைத்தான் தேடும். வேண்டவே வேண்டாம்! குருவியின் காலில் சுற்றினால் இறுகும்; அறுக்கவும் முடியாது. பனைநாரோ தேங்காய்க் கயிறோ போதும்.

உள்ளே நொய், கம்பு, தினை போடலாம். உப்புக்கடலை, மிக்சர் ஆகாது. நான் ஹாஸ்டல் வராந்தாவில் இதைக் கட்டியபோது, "எலே, குருவிக்கும் மெஸ் ஆரம்பிச்சிட்டியால? அதுக்காவது நல்ல சாப்பாடு போடுல" என்றான் ரூம்மேட்.

இதெல்லாம் புதுசு இல்லை. பிசான அறுவடை முடிந்ததும் நெற்கதிரைத் தாளோடு குஞ்சம்போல் கட்டி, வீட்டு முகப்பிலும் கோயில் மண்டபத்திலும் தொங்கவிடுவது நம் கிராமங்களின் பழைய வழக்கம். ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்து நண்பர்கள் ஊருக்குப் போனால் ரெண்டு கைப்பிடி கதிர் கொண்டுவாருங்கள். குருவி அதில் தொங்கிக்கொண்டே கொத்தும்; காக்கா அவ்வளவு சுலபமாக உட்கார முடியாது.

ஆனால் தானியம் பெரிய குருவிக்குத்தான். குஞ்சுக்குப் புழு பூச்சிதான் முக்கிய உணவு. சீனாவில் 1958-இல் தானியத்தைத் தின்கிறதென்று குருவிகளை வேட்டையாடினார்கள், பயிர்ப்பூச்சி பெருகிவிட்டது. 1960-இல் குருவியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள்! ஆக, சிரட்டை தொங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு செடியாவது இருக்கட்டும். அதற்கு மருந்து அடிக்காதீர்கள்.

தட்டை மூன்று நாளைக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவிக் காயவைக்கணும். இல்லாவிட்டால் குருவிக்கு நோய், நமக்கு டெங்கு கொசு. முதல் ஒரு வாரம் ஒரு குருவியும் எட்டிப் பார்க்காமல் போகலாம். அதற்காக இடத்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

ஒரே ஒரு சிக்கல்தான். தண்ணீர் ரொம்பத் தேவைப்படும் அக்கினி நட்சத்திரத்தில்தான் நாம் லீவில் ஊருக்குப் போய்விடுகிறோம். அதனால் ஒரு பாட்டிலையாவது வாட்ச்மேன் அண்ணாச்சி உட்காரும் வேப்பமரத்தில் கட்டி, அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.