சிவகாசி ஆர்ட் பேப்பரில் வீட்டு பிரின்டர் தோற்பது ஏன்? போட்டோ பேப்பர் வாங்கும் முன் ஒரு நிமிடம்!

சிவகாசியில் தண்ணீருக்குப் பஞ்சம் வரலாம், காகிதத்துக்கு வராது. ஆடிப்பெருக்கன்று புது காலண்டர் ஆல்பங்களை வெளியிட்டு சீசனைத் தொடங்கும் அச்சகங்கள், அதன்பிறகு புத்தாண்டு நெருங்கும்வரை ஓய்வதில்லை. சாமி படத்துக்கு ஆர்ட் பேப்பர், தினசரி காலண்டருக்கு மெல்லிய தாள், பட்டாசுப் பெட்டிக்கு அட்டை எனக் கட்டிங் போக மிஞ்சும் துண்டுகளே கட்டுக் கட்டாகக் கிடக்கும்.

அப்படிப்பட்ட ஊரில், வீட்டுக்கு ஒரு இங்க்ஜெட் பிரின்டர் வந்ததும் தோன்றும் முதல் யோசனை என்னவாக இருக்கும்? 'கடையில் காசு கொடுத்து போட்டோ பேப்பர் எதற்கு, இதோ பளபளவென்று ஆர்ட் பேப்பர் இருக்கிறதே!' என்பதுதான். ஏ4 அளவுக்கு வெட்டி பிரின்டரில் வைத்து, குழந்தையின் பிறந்தநாள் போட்டோவுக்குப் பிரின்ட் கொடுத்துப் பாருங்கள். இங்க் குளம் கட்டி நிற்கும். விரல் பட்டால் கண்மை போல இழுபடும். மின்விசிறிக்கு அடியில் வைத்தாலும் சீக்கிரத்தில் காயாது. பிரின்டர் சரியில்லை என்று திட்டுவோம். ஆனால், பிரின்டர் பாவம்!

ஆஃப்செட் மெஷினில் ஓடுவது எண்ணெய் கலந்த, களிம்பு போன்ற கெட்டி மை. அது தாளின் மேலேயே நின்று காய வேண்டும் என்பதற்காகத்தான், ஆர்ட் பேப்பரில் களிமண்ணும் சுண்ணாம்புத்தூளும் பூசி அழுத்தி வழவழப்பாக்குகிறார்கள். இங்க்ஜெட் மையோ பெரும்பாலும் தண்ணீர். அதை உடனே உறிஞ்சிக்கொள்ளும் தாள் வேண்டும். ஆர்ட் பேப்பர் அந்த வேலைக்குப் பிறந்ததே இல்லை.

சரி, நன்றாக உறிஞ்சும் சாதாரண ஜெராக்ஸ் பேப்பர்? கரூர் காகிதபுரத்தில் டி.என்.பி.எல் கரும்புச் சக்கையிலிருந்து தயாரிக்கிறதே, அதுபோன்ற தாள்கள் 70, 80 ஜி.எஸ்.எம் எடையில் வரும். ஜி.எஸ்.எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு. கடிதத்துக்கும் பிள்ளைகளின் ப்ராஜெக்ட்டுக்கும் இது போதும். போட்டோ என்றால் மை நாரோடு நாராக உள்ளே பரவி, நிறம் மங்கி, தாள் அப்பளம்போல நெளிந்துவிடும்.

கனமாக இருந்தால் நல்ல பேப்பரா?

கடைக்குப் போனால் எல்லா பாக்கெட்டிலும் 'குளாஸி' என்றே போட்டிருக்கும். 130, 180, 230, 270 என எண்கள் மட்டும் மாறும். எண் ஏறினால் தரம் ஏறும் என்று நினைப்பதுதான் பலரும் ஏமாறும் இடம். அந்த எண் கனத்தை மட்டும்தான் சொல்லும், மேலே என்ன பூசியிருக்கிறார்கள் என்பதைச் சொல்லாது.

விலை குறைந்த பாக்கெட்டுகளில் பெரும்பாலும் இருப்பது 'காஸ்ட் கோட்டட்' வகை. சாதாரணக் காகிதத்தின் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பு. தண்ணீர் அடிக்காகிதம்வரை இறங்குவதால், நிறைய மை விழும் படங்களில் தாள் சுருளும். ஸ்டிக்கர், பிறந்தநாள் அழைப்பு, ஸ்கூல் சார்ட் போன்றவற்றுக்குத் தாராளமாக வாங்கலாம்.

ஸ்டூடியோக்காரர்கள் கேட்டு வாங்குவது 'ஆர்.சி' பேப்பர். காகிதத்தின் இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் படலம். அதன்மேல் சிலிக்கா போன்ற நுண்துகள்களால் ஆன பூச்சு. அந்தத் துகள்களுக்கு இடையிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் மையை நொடியில் இழுத்துக்கொள்ளும். தண்ணீர் அடிக்காகிதத்தைத் தொடாததால் நெளியாது. கையில் எடுத்தால் லேபில் போட்ட போட்டோ மாதிரியே இருக்கும். அடையாளம் காண ஒரு ஷீட்டின் மூலையைக் கிழித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் போல இழுபட்டுக் கிழிந்தால் ஆர்.சி, காகிதம்போலப் பிசிறடித்துக் கிழிந்தால் காஸ்ட் கோட்டட்.

இன்னொன்று, பிரின்ட் கொடுக்கும்போது பேப்பர் வகையைத் தேர்வு செய்யும் இடத்தைப் பலரும் தொடுவதே இல்லை. அங்கே 'பிளெய்ன் பேப்பர்' என்றே இருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய தாளும் வீண். சில டேங்க் பிரின்டர்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட் மையாகவும், மற்ற நிறங்கள் டை மையாகவும் இருக்கும். அந்தக் கறுப்பு பளபளப்பான தாளில் ஒட்டாது. 'குளாஸி' என்று தேர்வு செய்தால்தான் பிரின்டர் அதை ஒதுக்கிவிட்டு, மற்ற நிறங்களைக் கலந்து கறுப்பை உருவாக்கும்.

அமெரிக்காவில் ஆரஞ்சு நிறமான போட்டோக்கள்

கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி.கொண்டையராஜு வரைந்த சாமி படங்கள், சிவகாசி அச்சகங்கள் வழியாகத்தான் தமிழ்நாட்டுப் பூஜையறைகளுக்குப் போயின. அவர் 1976-ல் மறைந்தார். அந்தக் காலத்துப் படங்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் இன்றும் சில வீடுகளில் இருக்கின்றன. காரணம் ஆஃப்செட் மையில் இருப்பது பிக்மென்ட், அதாவது கரையாத நிறத்துகள். வீட்டு பிரின்டர்களின் வண்ண மை பெரும்பாலும் டை, அதாவது நீரில் கரைந்த சாயம். பளிச்சென்று இருக்கும், ஆனால் நோஞ்சான்.

2000-ம் ஆண்டில் எப்சன் நிறுவனம் ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 என்ற பிரின்டர்களைக் கொண்டுவந்தது. நீண்டகாலம் மங்காது என்ற நம்பிக்கையோடு வாங்கியவர்களில் சிலருக்கு அதிர்ச்சி. சுவரில் மாட்டிய படங்கள் குறுகிய காலத்திலேயே ஆரஞ்சு நிறத்துக்கு மாறின. வெயில்தான் காரணம் என்று முதலில் நினைக்கத் தோன்றும். ஆனால், குற்றவாளி காற்றிலுள்ள ஓசோன். மையைச் சட்டென்று உறிஞ்சும் அதே நுண்துளைகள் வழியாகக் காற்றும் உள்ளே போய், நீலச் சாயத்தை முதலில் தின்றுவிட்டது. அதன்பிறகு மைகள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. ஆனாலும், டை மையில் அடித்த போட்டோவைச் சுவரில் திறந்தபடி ஒட்டிவைப்பது இன்றும் நல்லதல்ல. கண்ணாடி போடுங்கள், அல்லது லேமினேஷன் செய்யுங்கள்.

நம் வீடுகளில் இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. மறைந்தவர்களின் படத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம், மாலை போடுகிறோம். லேமினேஷன் இல்லாத டை பிரின்ட்டில் ஈரச் சந்தனம் பட்டால், தாத்தாவின் நெற்றி நிறம் சந்தனத்தோடு வந்துவிடும்.

பட்டாசு ஆலை விபத்துகளைத் திரும்பத் திரும்பச் செய்தியில் பார்க்கும் வட்டாரம் இது. திடீரென ஒருவரை இழந்த வீட்டில், சில மணி நேரத்துக்குள் பெரிய படம் ஒன்று தேவைப்படும். கிடைப்பது ஆதார் அட்டையில் இருக்கும் சின்னப் படமோ, கல்யாண வீட்டில் எடுத்த குரூப் போட்டோவோதான். அவசரத்துக்கு இங்க்ஜெட்டில் அடித்த படம் அன்றைக்குப் போதும். அதுவே ஆண்டுக்கணக்கில் சுவரில் இருக்கப்போகிறது என்றால், காரியம் முடிந்தபிறகு லேபில் கொடுத்து வெள்ளி உப்பு பூசிய போட்டோ தாளில் இன்னொரு பிரதி எடுத்துவிடுவது உத்தமம். பிக்மென்ட் மை பிரின்டர் உள்ள ஸ்டூடியோ பக்கத்தில் இருந்தால் அதுவும் நல்லதே.

குரூப் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லும்போது, 'டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்' என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். 4x6 அங்குலத்தில் தெளிவான போட்டோவுக்கு 1200x1800 பிக்ஸல் தேவை. ஏ4 என்றால் ஏறக்குறைய 2480x3508. சுருங்கிப்போன படத்தை எந்த பேப்பராலும் காப்பாற்ற முடியாது.

பீரோவில் பழைய கறுப்பு-வெள்ளைப் படங்கள் இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் 'இந்து' என்ற பெயரில் ஃபிலிமும் போட்டோ பேப்பரும் தயாரித்த காலம் உண்டு. அப்படிப்பட்ட தாள்களில் படமாக நிற்பது வெள்ளி உலோகத் துகள், சாயம் அல்ல. அதனால்தான் பாட்டியின் கல்யாணப் படம் இன்றும் முகம் தெரிகிறது. ஸ்கேன் செய்து புதிதாக ஒன்று அடித்ததும் 'பழசு எதற்கு' என்று தூக்கிப்போட்டுவிடாதீர்கள். புதிதைவிடப் பழசுக்கே ஆயுள் கெட்டியாக இருக்கலாம்!

பாஸ்போர்ட் சைஸ் படங்களுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம், ஆர்.சி பேப்பர் போதும். படத்தின்மேல் கையெழுத்து வாங்க வேண்டிய விண்ணப்பம் என்றால் மட்டும் 'மேட்' தாளில் கேளுங்கள். பளபளப்பில் பேனா மை வழுக்கும்.

வாங்கிய பாக்கெட்டில் எது பிரின்ட் பக்கம் என்று குழப்பமா? விரலை லேசாக ஈரமாக்கி ஓர் ஓரத்தைத் தொடுங்கள், ஒட்டும் பக்கம்தான் பூசிய பக்கம். சிவகாசியின் வறண்ட காற்று அச்சுத் தொழிலுக்கு எவ்வளவோ உதவியிருக்கிறது. ஆனால், ஐப்பசி மழையில் அந்தச் சலுகை கிடையாது. மிச்ச ஷீட்டுகளை அதே கவரில் போட்டு, காற்றுப் புகாமல் ஒட்டி, படுக்கைவாக்கில் வையுங்கள். பிரின்ட் எடுத்த படத்தை அன்றே சட்டம் போடாமல் ஒரு நாள் காயவிடுங்கள். அவசரப்பட்டால் கண்ணாடியின் உட்புறம் பனி படர்ந்ததுபோல மங்கிவிடும்.