நூற்றைம்பது புள்ளிக்கு எத்தனை மணி நேரம்?

கோலால் வெள்ளைப் பந்தை அடித்து, மற்றப் பந்துகளைக் குழியில் தள்ளும் மேசை ஆட்டம் ‘ஸ்ட்ரெய்ட் பூல்’. அதில் குழியில் விழும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி. பெரிய போட்டிகளில் வழக்கமான இலக்கு 150. அதை எட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

1954-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் நடந்த காட்சி ஆட்டத்தில், பூல் வீரர் வில்லி மொஸ்கோனி ஒரு தடவைகூடத் தவறாமல் 526 பந்துகளைக் குழியில் தள்ளினார். பிடித்தது இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அந்தக் கணக்கில் 150 புள்ளிக்கு முக்கால் மணி நேரமே அதிகம்!

ஆனால் எல்லாரும் மொஸ்கோனியா? எதிராளிக்கு வாய்ப்பே கிடைக்காதபடி வெள்ளைப் பந்தை ஒளித்துவைக்கும் தற்காப்பில் இருவரும் இறங்கிவிட்டால், ஆட்டம் நகரவே நகராது. பழகுபவர்கள் 50 புள்ளியோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். பார்க்க வந்தவர்களும் நேரத்தோடு வீடு திரும்பலாம்.