முதற் கொட்டிலுக்கு முதலில் எதை வாங்குவது?

மீள்குடியேற்றம் என்றவுடன் வீட்டுத்திட்டம், கிணறு, வாழ்வாதாரம் எனப் பெரிய விடயங்களைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். ஆனால் ஒரு குடும்பம் தனது காணியில் இறங்கும் முதல் வாரத்தில் தேடுவது ஓர் அலவாங்கையும் ஒரு முழக் கயிற்றையும்தான். 2017 இல் மயிலிட்டியில் ஒரு பகுதிக் காணிகள் விடுவிக்கப்பட்டபோது, 27 வருடங்களின் பின் சொந்த நிலத்துக்குத் திரும்பிய என் உறவுப் பெண் ஒருத்தி, "அக்கா, நீங்கள் வன்னிக்குத் திரும்பேக்க முதல் என்னென்ன வாங்கினனீங்கள்? கையில காசு கொஞ்சந்தான் கிடக்கு" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னவற்றையே இங்கு எழுதுகிறேன்.

2010 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலிருந்து கிளிநொச்சி மாவட்டத்திலுள்ள எமது காணிக்கு வந்தோம். நான், இரண்டு பிள்ளைகள், வயதான மாமி. குடும்பப் பொறுப்பு முழுவதும் என் தலையில். கூரைத் தகரம், தறப்பாள், பாய், நுளம்புவலை, சில சமையற் பாத்திரங்கள் என்பன கிடைத்தன. ஆறு மாதத்துக்கு உலர் உணவு நிவாரணம் இருந்தது. கொட்டில் போடுவதற்கென ஐ.நா. அகதிகளுக்கான உயர்ஸ்தானிகர் அலுவலகம் ஒரு குடும்பத்துக்கு 25,000 ரூபா வழங்கியது. இந்தக் காசை எப்படிச் செலவழிப்பது என்பதில்தான் எம்மிற் பலர் தடுமாறினோம்.

கையிற் காசு வந்ததும் பெண்களாகிய எமக்குக் கண் போவது பானை சட்டியில்தான். என் அபிப்பிராயம் வேறு. ஒரே சட்டியிற் சோற்றை வடித்து இறக்கிவிட்டுக் கறியையும் வைக்கலாம். அலவாங்கு இல்லாமற் கப்பு நட முடியாது. எங்கள் ஒழுங்கையில் அப்போது ஆறு குடும்பங்கள். அவற்றுள் நான்கில் ஆண்கள் இல்லை. ஆறு குடும்பத்துக்கும் இருந்தது ஒரேயொரு அலவாங்கு. ஒரு கிடங்கு தோண்டுவதற்கு மூன்று நாள் காத்திருக்க வேண்டும், இல்லையேல் கூலிக்கு ஆள் பிடிக்க வேண்டும். தனித்திருக்கும் பெண்ணின் வளவுக்கு யார் வருகிறார்கள், எப்போது போகிறார்கள் என்று பார்க்கும் கண்களும் எல்லா ஊரிலும் இருக்கின்றனவே! ஆகவே ஆயுதங்களைத்தான் முதலில் வாங்கினேன்: அலவாங்கு, கைக்கோடரி, கைவாள், சுத்தியல், குறடு, அரம், கட்டுக்கம்பி, ஆணி. நிவாரணத்தில் ஒரு மண்வெட்டியும் கத்தியும் கிடைத்திருந்தன.

அரத்தைப் பலரும் வாங்குவதில்லை. மழுங்கிய கத்தியால் பத்துத் தரம் வெட்டும் தடியைத் தீட்டிய கத்தியால் இரண்டே வெட்டில் துண்டாக்கலாம். எம்மைப் போன்ற, உடற்பலம் குறைந்தவர்களுக்கு அதுவே பெரிய உதவி. மண்வெட்டியிலும் பாரமான பெரிய இலை வேண்டாம். நடுத்தர அளவு போதும். பிடி உங்கள் உயரத்துக்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே குனிந்து பாருங்கள். கடைக்காரர் சிரித்தாற் சிரிக்கட்டும்.

தகரம் அடிக்கும்போது ஆணியைத் தகரத்தின் மேட்டில் அடிக்க வேண்டும், பள்ளத்தில் அல்ல. மழைநீர் பள்ளத்தால்தான் ஓடும். அங்கே துளையிருந்தால் நேரே பாயில் வந்து விழும். ஆணித் தலைக்குக் கீழே ரப்பர் வட்டொன்று வைக்க வேண்டும். வட்டு வாங்க வசதியில்லாதபோது பழைய சைக்கிள் ரியூப்பை வட்டமாக வெட்டி வைத்தோம். கார்த்திகை மழைக்கு அது தாங்கியது.

அடுத்தது கதவு. தறப்பாளைத் தொங்கவிட்டு அதையே வாசலென்று வைத்திருந்த இரவுகளில் நான் கண்ணை மூடவேயில்லை. பழைய பலகையும் தகரத் துண்டும் சேர்த்து ஒரு கதவடித்து, உள்ளே கொண்டியும் வெளியே ஆமைப்பூட்டும் போட்டேன். அதன் பின்னர்தான் நித்திரை வந்தது. பகலில் மாமியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகவும் மனம் துணிந்தது. இளம் பெண்பிள்ளைகள் உள்ள வீடென்றால் பானைக்கு முன் மட்டுமல்ல, கட்டிலுக்கும் கதிரைக்கும் முன்னரே கதவைப் போடுங்கள் என்பேன்.

வெளிச்சம் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். மின்சாரம் வரும்வரை போத்தலில் திரி போட்ட குப்பி விளக்கைத்தான் பலரும் எரித்தோம். உயரமான போத்தல் பூனை தட்டினாலும் விழுந்துவிடும். மண்ணெண்ணெய் பாயில் ஊற்றுண்டு, நொடியில் தீப்பிடிக்கும். இவ்வாறு எரிகாயத்துடன் வந்தவர்களுக்குச் சிகிச்சையளித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, பாதுகாப்பான விளக்கொன்றை உருவாக்கி, அதற்காக 1998 இல் ரோலெக்ஸ் விருதைப் பெற்றார். அது குட்டையானது, பாரமானது. இரண்டு பக்கம் தட்டையாக இருப்பதாற் சரிந்தாலும் உருளாது. மூடி திருகுமூடி என்பதால் எண்ணெய் கொட்டாது. அந்த விளக்குக் கிடைக்காவிட்டாலும் அதன் புத்தியை நாம் எடுத்துக்கொள்ளலாம்: குட்டையான தடித்த போத்தல், தகரத் திருகுமூடி, வலைக்கும் ஓலைக்கும் எட்டத்தில் ஓரிடம். இப்போது சூரிய ஒளியில் மின்னேறும் சிறு விளக்குகள் கடைகளில் இருக்கின்றன. காசிருந்தால் அதுவே நல்லது.

தண்ணீருக்கு இரண்டு வாளி வைத்திருங்கள். ஒன்று கிணற்றுக்கு மட்டும். அது நிலத்திற் படக்கூடாது. குடிதண்ணீர்க் கானுக்கு மூடி இருக்க வேண்டும். கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கும்வரை கொதித்தாறிய நீர்தான். மற்றச் சமையற் சாமான்களுக்கு அவசரமில்லை. திருவலை, சுளகு, அரிக்கன் சட்டி எல்லாம் மாதத்துக்கொன்றாக வந்து சேர்ந்தன. அம்மி எங்கள் பழைய வளவிலேயே மண்ணுக்குள் புதைந்து கிடந்தது.

மண்ணுக்குள் அம்மி மட்டும் கிடக்கவில்லை. கண்ணிவெடி அகற்றும் பிரிவினர் பார்த்து முடித்த நிலமா என்பதைக் கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்தாமல் அலவாங்கை ஊன்றாதீர்கள், குப்பைக்கும் தீ வைக்காதீர்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையை யாரும் விறகுக்குக் கழற்றக் கூடாது. இரும்பாக எது தென்பட்டாலும், அடுப்புக்கு முண்டு கொடுக்க உதவும் போலத் தோன்றினாலும், தொடாமல் வந்த வழியே திரும்பிச் சென்று அறிவியுங்கள். பிள்ளைகளுக்கு இதைத் தினமும் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் ஒருவரே வாங்க முடியாதுதான். எங்கள் ஒழுங்கைப் பெண்கள் பிறகு பேசிப் பிரித்துக்கொண்டோம். ஒருத்தி ஏணி, ஒருத்தி பிக்கான், ஒருத்தி கிணறு இறைக்கும் கயிறும் கப்பியும். இரவல் கொடுத்ததைக் கொப்பியில் எழுதினோம். பொழுதுபடுமுன் திருப்பிக் கொடுப்பது கட்டாயம். இந்த விடயத்தில் முகம் பார்க்கக் கூடாது. கொப்பியைத்தான் பார்க்க வேண்டும்.

இறுதியாக, இறுக்கமான மூடியுள்ள ஒரு பிளாஸ்ரிக் பெட்டி. அடையாள அட்டை, பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்கள், காணி உறுதி அல்லது உத்தரவுப் பத்திரம், வங்கிப் புத்தகம் எல்லாம் பொலித்தீனில் சுற்றி அதற்குள். 2012 இல் இந்திய வீட்டுத்திட்டத்தின் 5,50,000 ரூபா உதவிக்குப் பெயர் பதிந்தபோது, கடதாசிகளைக் கறையானுக்கும் மழைக்கும் கொடுத்துவிட்டு அலைந்த பெண்கள் எத்தனையோ பேர். பெட்டியைத் தரையில் வைக்காமல் வளையில் கட்டித் தொங்கவிடுங்கள்.